வீதியில் அடிபட்டவருக்கு நட்டஈடு: திருகோணமலையில் கிடைக்கும் சேவைகள் பற்றி ஒரு மதிப்புரை

உட்துறைமுக வீதியில் நடந்து போகும் ஒருவரை மோட்டார் சைக்கிள் மோதினால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது "எந்தச் சட்டத்தரணி நல்லவர்?" என்பதுதான். கேள்வி சரி, நேரம்தான் பிழை. திருகோணமலையில் அடிபட்ட பாதசாரி ஏறி இறங்க வேண்டிய வாசல்கள் பல: 1990 அம்புலன்ஸ், வைத்தியசாலை, பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, காப்புறுதிக் கிளை, சட்ட உதவி, நீதிமன்றம். நடுவில் வார்ட் வாசலில் காத்து நிற்கும் தரகரும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டால் ஒரு முடிவுதான் வருகிறது. கடைசியில் கைக்கு வரும் தொகையின் பெரும்பங்கை முதல் பதினான்கு நாளில் எழுதப்படும் கடதாசிகளே தீர்மானிக்கின்றன. அவற்றுக்குச் செலவு அநேகமாக இல்லை. காசு கொடுத்து வாங்கும் சேவைகள் எல்லாம் பிறகு வருபவை. முதல் இரண்டு வாரத்தில் விட்டதை அவற்றால் முழுதாக மீட்டுத் தர முடியாது.

சட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தனியார் வாகனம் எதுவானாலும் வீதியில் இறங்க மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். நடந்து போகிறவர்தான் அந்த மூன்றாம் தரப்பு. ஆனால் அடிபட்டால் காசு தானாக வரும் என்று நினைப்பது தவறு. சாரதியின் கவனயீனத்தை நிரூபித்தால்தான் நட்டஈடு. நடந்து போனவரிலும் பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய பங்கு கழிக்கப்படும். மொத்த இழப்பு 10 இலட்சம், பாதசாரியின் பிழை 30 வீதம் என்று நீதிமன்றம் கண்டால் கைக்கு வருவது 7 இலட்சம். ஆகவே எங்கே நின்றார், மஞ்சள் கடவையில் கடந்தாரா, அதற்கு அப்பால் எத்தனை அடியில் கடந்தார் என்பதெல்லாம் காசுக் கணக்கு.

வைத்தியசாலையும் அங்கே எழுதப்படும் முதல் வரியும்

1990 சுவசெரிய சேவைக்கு எங்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலவசம், வரும் ஆட்களுக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு, அழைத்த நேரம் உங்கள் தொலைபேசியிலேயே பதிவாகிவிடும். முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றிக்கொண்டு போவதை விட இதற்காகச் சில நிமிடம் காத்திருப்பது நல்லது. தொடை எலும்பு முறிந்தவரை மடக்கி ஏற்றினால், முறிந்த முனை இரத்தக் குழாயைக் கிழிக்கலாம்.

பிழை நடக்கும் இடம் வைத்தியசாலையின் அனுமதி மேசை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையானாலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளானாலும், சேர்க்கும் வைத்தியர் "என்ன நடந்தது?" என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். கூட வந்தவர் பொலிஸுக்குப் பயந்தோ, மோதியவர் தெரிந்தவர் என்பதாலோ "வழுக்கி விழுந்திட்டார்" என்று சொல்லிவிடுகிறார். அந்த வரி ரிக்கற்றில், அதாவது வார்டில் நோயாளிக்கு வைக்கும் பதிவேட்டில், ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்துக் காப்புறுதிக் கம்பனியின் விசாரணையாளர் முதலில் புரட்டுவது அந்த ரிக்கற்றைத்தான். "உங்கள் ஆளே விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார்" என்று கோரிக்கையைத் தட்டிவிட அது ஒன்றே போதும். நடந்து போகும்போது வாகனம் மோதியது, வாகன இலக்கம் இது, இடம் இது, நேரம் இது: இந்த நான்கையும் அனுமதி மேசையில் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறாக எழுதியிருந்தால், நோயாளி பேசக்கூடிய நிலைக்கு வந்த அன்றே வார்ட் வைத்தியரிடம் சொல்லித் திருத்தமான வரலாற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாள் போகப் போகத் திருத்தம் சந்தேகமாகத் தெரியும்.

நம்மூரில் இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்விடுவது. அந்த வைத்தியத்தைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் போகும் முன் மூன்று காரியம் முடிய வேண்டும்: எக்ஸ்ரே, முறையாகத் துண்டு வெட்டி (வைத்தியசாலையிலிருந்து விடுவித்து) தரும் நோய் விபரக் கார்ட், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. இந்த மூன்றும் இல்லாமல் போனவருக்கு, கால் முறிந்தது என்பதைக் காட்டக்கூட ஆதாரம் இராது. பிறகு எண்ணெய், பூசும் பத்து, கட்டு என்று செலவழிப்பதற்கும் பதிவு பெற்ற வைத்தியரின் திகதி போட்ட பற்றுச்சீட்டு வேண்டும்.

சட்ட வைத்திய அதிகாரி என்றால் பிரேத பரிசோதனை செய்பவர் என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் அடிபட்டவரையும் அவர்தான் பார்த்து அறிக்கை எழுதுகிறார். பொலிஸார் கொடுக்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் அது தொடங்கும். அவர் காயத்தைச் சாதாரணக் காயமா, பாரதூரமான காயமா, உயிராபத்தானதா என்று வகைப்படுத்துவார். தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி எலும்பு, குருத்தெலும்பு, பல் ஆகியவற்றில் ஏற்படும் முறிவு பாரதூரமான காயம். முன்பல் ஒன்று உடைந்தாலும் அந்த வகைதான். ஆகவே "பல்லுத்தானே" என்று விடாமல், உடம்பில் பட்ட எல்லாவற்றையும், கீறல் உட்பட, அவரிடம் காட்ட வேண்டும். இந்தச் சேவைக்கு எங்கள் மதிப்பீடு மிக உயர்ந்தது. செலவில்லாத, பக்கச்சார்பில்லாத, நீதிமன்றம் மதிக்கும் கடதாசி இதைப்போல வேறில்லை.

அந்த அறிக்கை அடிபட்ட நேரத்து நிலையையே சொல்லும், ஒரு வருடம் கழித்துக் கால் அரை அங்குலம் குட்டையாகிப் போனதைச் சொல்லாது. நிரந்தர இயலாமைக்கு, சிகிச்சை முடிந்த பிறகு எலும்பு சத்திர சிகிச்சை நிபுணரிடம் தனியே ஒரு கடிதம் கேட்க வேண்டும். முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, குந்தி இருக்க முடியுமா, இயலாமை எத்தனை வீதம் என்று இலக்கத்தில் இருக்க வேண்டும். "நடக்கச் சிரமம்" என்ற இரண்டு சொல்லுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

பொலிஸ்: வாக்குமூலமும் வரைபடமும்

விபத்து நடந்த இடத்தைப் பொறுத்துப் பொலிஸ் நிலையம் மாறும். அலஸ்தோட்டத்தில் அடிபட்டவர் உப்புவெளிக்கு, சீனக்குடாவில் அடிபட்டவர் சீனக்குடாவுக்கு. தவறான நிலையத்தில் போய் அரை நாளை வீணாக்க வேண்டாம். அவசரத்துக்கு 119. மோதிய சாரதி நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வீதியில் வைத்து "பத்தாயிரம் தாறன், பொலிஸ் வேண்டாம்" என்றால் வாங்காதீர்கள். அன்று வீக்கமாகத் தெரிவது மறுநாள் எக்ஸ்ரேயில் வெடிப்பாகத் தெரியும்.

வாக்குமூலம் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும் கூட. எழுதுகிற உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். "வீதியோரமாக நின்றேன்" என்றது "வீதியில் நின்றேன்" என்று மாறினால் அந்த ஒரு சொல்லில் 20, 30 வீதம் போய்விடும். முறைப்பாட்டு இலக்கம், புத்தகப் பக்கம், பந்தி, திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சான்றுப்படுத்திய பிரதி எடுக்க இவை வேண்டும்.

வரைபடத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். உத்தியோகத்தர் நாடா பிடித்து அளந்து, அசையாத ஒரு பொருளிலிருந்து தூரத்தைக் குறிப்பார்: மின்கம்பம், மதகு, கடை மதில். வாகனம் நின்ற இடம், பிரேக் பிடித்த தடம், இரத்தமோ செருப்போ கண்ணாடித் துண்டோ கிடந்த இடம், கடவைக் கோடு. மோதிய புள்ளி என்று அவர் போடும் புள்ளிதான் முழு வழக்கின் நடு. அது வீதியின் ஓரத்திலிருந்து மூன்று அடியா, நடுக்கோட்டிலா என்பதில் எல்லாம் தொங்குகிறது. அளக்கும்போது உறவினர் ஒருவர் அங்கே நின்று, செருப்புக் கிடந்த இடத்தையும் தடம் தொடங்கிய இடத்தையும் காட்டுவது நல்லது. அதற்கு முன்னரே தொலைபேசியில் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து கம்பமும் கடையும் தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று, வாகனத்தின் முன்பக்கச் சேதம் ஒன்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரி அனுமதிப்பத்திரமும் காப்புறுதிச் சான்றிதழும் தெளிவாக ஒன்று. கார்த்திகை, மார்கழி மழையில் தடம் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. பக்கத்துக் கடையின் கமராப் பதிவும் சில நாளில் மேலே மேலே பதிந்து அழிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டு அன்றே பிரதி எடுங்கள், பொலிஸிடமும் அந்தக் கமரா இருப்பதைச் சொல்லி வையுங்கள்.

சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாடகை ஸ்கூட்டர்கள் நிறைய ஓடும். ஓட்டுபவர் வெளிநாட்டுக்காரர் என்றால் பொலிஸ் பதிவில் கடவுச்சீட்டு இலக்கம், அவரிடம் இலங்கையில் ஓட்ட அனுமதி இருந்ததா, ஸ்கூட்டரை வாடகைக்கு விட்டவர் யார் என்ற மூன்றும் ஏறியே ஆக வேண்டும். காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பது அனுமதிப்பத்திரத்தைத்தான். ஓட்டியவர் இரண்டு கிழமையில் விமானம் ஏறிவிடுவார். எஞ்சி நிற்பவர் உரிமையாளர்.

காப்புறுதிக் கிளையின் மேசை

நகரிலுள்ள காப்புறுதிக் கிளைகளில் வாகன உரிமையாளருக்குக் கிடைக்கும் மரியாதை மூன்றாம் தரப்புக்குக் கிடைக்காது. காரணம் எளிது: நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர் இல்லை, அவர்கள் பணம் கொடுக்க வேண்டிய ஆள். கிளையில் தீர்மானம் எடுப்பதும் இல்லை, கோப்பு கொழும்புக்குப் போகும். ஆகவே வாய்ப்பேச்சை நம்பாமல் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டுங்கள்.

கோரிக்கைக் கடிதத்தில் தொகையைப் பிரித்துக் காட்டினால்தான் எதிர்ப்பக்கம் எடுத்துப் படிக்கும். ஒரு மேசன் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நாட்கூலி 3,500 ரூபாய், மாதத்துக்கு 22 நாள் வேலை, ஐந்து மாதம் வேலைக்குப் போகவில்லை: 3,85,000 ரூபாய். இதோடு மருந்து, தனியாரில் எடுத்த ஸ்கான், கிளினிக் போய்வந்த ஓட்டோக் கூலி, ஊன்றுகோல், பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவு. இவை எண்ணிக் காட்டக்கூடிய இழப்பு. பிறகு எதிர்கால வருமான இழப்பு, உடல் வேதனை, பழைய வாழ்க்கை வாழ முடியாமை. கட்டட வேலைச் சாரத்தில் ஏற முடியாத மேசனுக்கு எதிர்கால இழப்புத்தான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் ஐந்து மாதக் கூலியோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

வருமானத்துக்கு ஆதாரம்தான் நம்மூரில் பெரிய ஓட்டை. கிராம உத்தியோகத்தர் கடிதம் ஒன்றை மட்டும் நீட்டினால் காப்புறுதிக் கம்பனி அதைப் பெரிதாக எடுக்காது. கூலி கொடுத்த ஒப்பந்தக்காரரின் கடிதம், அவருடைய கொப்பியில் பெயர் வரும் பக்கத்தின் பிரதி, வங்கிப் புத்தகம், மீனவர் என்றால் கூட்டுறவுச் சங்கக் கடிதம், மீன் வாங்கும் முதலாளியின் துண்டுகள், சம்பளக்காரர் என்றால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவும் சம்பளமில்லா விடுமுறைக் கடிதமும். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று வெறுமனே விடாதீர்கள். இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுபவர் என்றால் கடைக்காரரின் கடிதம் ஓர் ஆதாரம்.

இனி எல்லாவற்றிலும் ஆபத்தான கடதாசி. தொகை பேசி முடித்தபின் ஒரு விடுவிப்புப் பத்திரம் நீட்டுவார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதன் சாரம் இதுதான்: இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு, இந்த விபத்தால் இப்போது தெரிந்த, இனித் தெரியவரக்கூடிய எல்லாக் காயங்களுக்குமான எல்லாக் கோரிக்கைகளையும் முழுதும் முடிவாகவும் கைவிடுகிறேன். "இனித் தெரியவரக்கூடிய" என்ற சொல்லில்தான் அடுத்த வருடம் தகடு கழற்றும் சத்திர சிகிச்சையும் தொற்றிப்போன எலும்பும் அடங்கிவிடுகின்றன. கையெழுத்து விழுந்த பிறகு அந்தக் கதவு திறக்காது. நிபுணரின் இறுதிக் கடிதம் கைக்கு வரும் முன் இதில் கையெழுத்து வைக்கவே கூடாது. வீட்டில் அவசரக் காசுத் தேவை இருந்தால், மருத்துவச் செலவுக்கான இடைக்காலத் தொகை என்று எழுதி வாங்க முயலுங்கள். தர மறுத்தாலும் முழு உரிமையையும் விற்றுவிட வேண்டாம்.

வார்ட் தரகர்களுக்கு எங்கள் மதிப்பெண் பூச்சியம். வெற்றுக் கடதாசியில் கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி, அசல் நோய் விபரக் கார்ட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு விரைவாக முடிந்தால் தங்கள் பங்கும் விரைவாக வரும் என்பதால் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்ள வைப்பார்கள். அசல் கடதாசி எதையும் எவர் கையிலும் கொடுக்காதீர்கள். பிரதி போதும்.

சட்டத்தரணி, சட்ட உதவி, நீதிமன்றம்

சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை, ஆனால் ஆளைத் தெரிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் பேசியிருக்கிறாரா? கட்டணத்தை எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதித் தருவாரா? காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தலை எப்போது அனுப்புவார்? மூன்றாவது கேள்விதான் அளவுகோல். வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ, தாக்கல் செய்த ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும். தவறினால், நீங்கள் வழக்கில் வென்றாலும் அந்தத் தீர்ப்புப் பணத்தைக் கம்பனி கட்ட வேண்டியதில்லை. சாரதியிடமும் உரிமையாளரிடமும் அறவிட வேண்டியதுதான், அவர்களிடம் பல வேளை ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தவிர வேறொன்றும் இராது. இதைக் கேட்டதும் தயங்காமல் பதில் சொல்பவர் இந்த வேலை தெரிந்தவர்.

வருமானம் குறைந்தவருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமான விபரம், அடையாள அட்டை, பொலிஸ் பிரதி, வைத்தியக் கடதாசிகள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோனால் முதல் நாளிலேயே வேலை நகரும். கலைந்த பையோடு போனால் மூன்று முறை அலைய வேண்டிவரும். குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் கொடுக்கும் சான்றிதழோடுதான் வழக்கு.

காலக்கெடு இரண்டு வருடம். காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அது. கம்பனி "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நிற்காது. பேச்சுவார்த்தை நல்லபடி போவதாக நம்பி இருபத்தைந்தாவது மாதத்தில் விழித்துக்கொள்பவர்கள் உண்டு. விபத்துத் திகதியிலிருந்து இரண்டு வருடம் முடியும் நாளைக் கோப்பின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். பதினெட்டு மாதத்தில் இணக்கம் வராவிட்டால் வழக்குப் போட ஆயத்தமாகுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடும் வழக்கு வேறு, உங்கள் நட்டஈட்டு வழக்கு வேறு. அங்கே சாரதி தண்டப்பணம் கட்டியதால் உங்கள் கோரிக்கை முடிந்துவிடாது. மாறாக, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதி உங்கள் கையில் ஆயுதம். வழக்கு நாளில் போய் உட்கார்ந்து கேளுங்கள், வழக்கிலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட நீதிமன்ற வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வழக்குப் போட்ட பிறகுதான் பல கம்பனிகள் உண்மையான தொகை பேச வருகின்றன. சாரதியையும் உரிமையாளரையும் இருவரையும் பிரதிவாதியாக்க வேண்டும். தீர்ப்பு வந்தால், காப்புறுதி ஒப்பந்தத்தை இரத்துச் செய்ய உரிமை இருந்ததாகக் கம்பனி சொன்னாலும், பொதுவாக முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டுப் பிறகு தன் வாடிக்கையாளரிடம் அறவிடுவதே சட்டத்தின் ஒழுங்கு.

மோதியது அரச வாகனம் என்றால் பாதை வேறு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசு மீது வழக்குப் போட வழி திறந்திருக்கிறது. ஆனால் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்க வேண்டும். இரண்டு வருடத்தின் கடைசி வாரத்தில் சட்டத்தரணியிடம் போனால் அந்த ஒரு மாதத்துக்கு இடமில்லை. படையினரின் வாகனங்கள் அதிகம் ஓடும் இந்த மாவட்டத்தில் இது முக்கியம்.

ஆள் இறந்துவிட்டால், திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன் வீட்டார் சொல்லும் வாக்குமூலமும் பிரேத பரிசோதனை அறிக்கையும்தான் அடித்தளம். 2019 வரை சட்டம் துக்கத்துக்கு விலை போடவில்லை. இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்தவர்கள் இழந்த ஆதரவுக்கே நட்டஈடு கிடைத்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அன்பையும் துணையையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்க வழி திறந்தது. இழந்த ஆதரவுக்கு, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எவ்வளவு தொகையை மாதாமாதம் பெற்றார்கள் என்பதைக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளையை இழந்த பெற்றோருக்குப் பழைய சட்டத்தில் கிடைத்தது மிகக் குறைவு. அது அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

மோதிவிட்டு ஓடிய வாகனம் பிடிபடாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் நட்டஈட்டுத் திட்டம் எஞ்சியிருக்கிறது. காப்புறுதிக் கட்டணங்களிலிருந்து ஒரு பங்கு போய்ச் சேரும் நிதியிலிருந்து அது தரப்படுகிறது. தொகை வழக்கில் கிடைப்பதற்கு ஈடாகாது. ஆனால் சாரதியின் பிழையை நிரூபிக்க ஆளே இல்லாத நேரத்தில் இதுதான் ஒரே கதவு. வாகனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற பொலிஸ் அறிக்கையும், வாகனம் மோதியது என்று முதல் நாளே எழுதிய வைத்தியசாலைப் பதிவும் அதற்கு வேண்டும்.